பேசி முடித்த கணக்கு

இருபது ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரை நாலாக மடித்து, ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருந்தாள். எங்கள் பங்காளி வீட்டு மருமகள். திண்ணையில் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "மாமா, இதுல கையெழுத்து போட்டுட்டேன். இனிமே ஒண்ணும் கேக்க முடியாதுன்னு சொல்றாங்க. நெசமா?" என்றாள்.

வாங்கிப் படித்தேன். படிக்க என்ன இருக்கிறது, இந்த மாதிரி வாசகத்தை நானே பத்துப் பதினைந்து முறை எழுதியிருக்கிறேன். மேற்படி தொகை ஒன்றரை லட்சத்தை மனப்பூர்வமாகப் பெற்றுக்கொண்டேன், இனி எக்காலத்திலும் எவ்வித பாத்தியதையும் கோர மாட்டேன், இதற்குச் சாட்சிகள் இன்னார் இன்னார். கீழே அவளுடைய கோணல் கையெழுத்து. பக்கத்தில் அவள் மாமியாரின் கைநாட்டு.

நான் பனித்திட்டுக்காரன். அப்பா கட்டுமரம். நான் மட்டும் கடலுக்குப் போகாமல், கணக்கு எழுதத் தெரியும் என்ற ஒரே தகுதியில் பாகூர், வில்லியனூர் பக்கத்துப் பட்டறைகளிலும் தொழிற்சாலைகளிலும் குமாஸ்தாவாக இருந்து, கடைசியில் ஒரு பெரிய கம்பெனியின் டைம் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றவன். ஆள் வந்த நேரம், போன நேரம், ஓவர்டைம், விபத்துப் புத்தகம், இன்சூரன்சுக்கு எழுதும் கடிதம் எல்லாம் என் மேஜை வழியாகத்தான் போகும். முதலாளி பக்கத்து நாற்காலியில் முப்பது வருஷம். இப்போது திண்ணை.

அவள் புருஷன் கடலூர் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனியில் ராத்திரி ஷிப்டு. வயது நாற்பது, சம்பளம் பதினாறாயிரம். தை பிறந்து நாலாம் நாள் விடியற்காலை வேலை முடிந்து பைக்கில் வரும்போது, புதுச்சேரி எல்லையில் முள்ளோடை கடந்து, கன்னியகோவிலும் தாண்டிய பிறகு ஏதோ ஒரு வண்டி அடித்துவிட்டுப் போய்விட்டது. எந்த வண்டி என்று இன்றுவரை தெரியாது. "வேல செய்யிற எடத்துல சாகல, ரோட்டுல செத்தான். இருந்தாலும் மனசு கேக்காம குடுக்கிறேன்" என்று சொல்லித்தான் முதலாளி பணம் கொடுத்திருக்கிறார். பெரியவர்கள் நாலு பேர் நடுவில் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். முதலாளி தன் மனைவியின் நகையை அடகு வைத்துத்தான் அந்தப் பணத்தைப் புரட்டினார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அவரும் பெரிய ஆளில்லை. ஏழு பேரை வைத்துக்கொண்டு ஐஸ் ஓட்டுகிறவர்.

அவர் சொன்ன வாக்கியத்தில் இரண்டு தப்பு இருக்கிறது. ரோட்டில் செத்தால் வேலையில் செத்ததாகாது என்பது முதல் தப்பு. பேசிக் கொடுத்துவிட்டால் முடிந்தது என்பது இரண்டாவது. இரண்டாவது நூறு வருஷத்துக்கு முன்பே தப்பு. முதலாவது 2025இல்தான் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தப்பானது.

பழைய சட்டத்திலிருந்து தொடங்குகிறேன். 1923இல் வெள்ளைக்காரன் காலத்தில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. 1924 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. எங்கள் ஊருக்கு அது அப்போது பொருந்தாது, நாங்கள் பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தோம். புதுச்சேரி இந்தியாவோடு சட்டப்படி சேர்ந்தது 1962இல். இந்தச் சட்டம் இங்கே நீட்டிக்கப்பட்டது 1963 அக்டோபர் 1ஆம் தேதி. ஆக முள்ளோடைக்குத் தெற்கே கை போனவனுக்குக் கிடைத்த ஒரு பாதுகாப்பு வடக்கே வந்து சேர முப்பத்தொன்பது வருஷம் பிடித்தது.

அந்தச் சட்டத்தின் உயிர் ஒரே ஒரு விஷயத்தில் இருக்கிறது. தப்பு யார் மேல் என்று அது கேட்பதில்லை. அதற்கு முன்னால் தொழிலாளி நஷ்ட ஈடு கேட்டால், முதலாளியின் கவனக்குறைவை அவன்தான் நிரூபிக்க வேண்டும். எண்ணெய் வழுக்கிய தரையில் விழுந்தவன், எண்ணெயை யார் கொட்டினார்கள் என்று கோர்ட்டில் சொல்ல வேண்டும். 1923 சட்டம் அதைத் தூக்கிப் போட்டது. வேலையின் காரணமாக, வேலையின்போது விபத்து நடந்ததா? நடந்தால் முதலாளி கொடுக்க வேண்டும். பதிலுக்கு முதலாளிக்கும் ஒரு லாபம் உண்டு. தொகை அளவில்லாமல் போகாது, அட்டவணை போட்டுக் கட்டப்பட்டிருக்கிறது.

கணக்கை நானே போட்டுக் காட்டினேன். அவள் பெண் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறது, நோட்டும் பேனாவும் அதனுடையது. இறப்பு என்றால் மாதச் சம்பளத்தில் பாதி. அதை வயதுக்குரிய ஒரு காரணியால் பெருக்க வேண்டும். வயது ஏற ஏற காரணி குறையும். 20 வயதுக்கு 224, 30 வயதுக்கு 207.98, 40க்கு 184.17, 50க்கு 153.09. ஆனால் சம்பளம் எவ்வளவு இருந்தாலும் அரசு ஓர் உச்சவரம்பு வைத்து, அதற்கு மேல் உள்ளதைக் கணக்கில் சேர்க்காது. 2000 டிசம்பரில் அந்த வரம்பு 4,000 ரூபாய். 2010 மே மாதக் கடைசியில் 8,000. 2020 ஜனவரி 3 முதல் 15,000. எங்கள் ஆளின் சம்பளம் பதினாறாயிரம் என்றாலும் பதினைந்தாயிரம்தான் கணக்கு. அதில் பாதி 7,500. பெருக்கினால் 13,81,275 ரூபாய்.

பெண் இரண்டு தடவை பெருக்கிப் பார்த்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. திண்ணையில் உட்கார்ந்தாள்.

இதே ஆள் இதே வயதில் 2009இல் இறந்திருந்தால் 3,68,340தான் வந்திருக்கும். சூத்திரம் மாறவில்லை, உச்சவரம்பு ஒன்றுதான் மாறியது. பத்து வருஷத்துக்கு ஒருமுறை யாரோ நினைத்துக்கொண்டு அதை உயர்த்துகிறார்கள், நடுவில் செத்தவன் குடும்பத்துக்கு அதிர்ஷ்டம் இல்லை. 2009 திருத்தத்தில் சட்டத்தின் பெயரும் மாறியது. ஆண்பால் வாடை வீசிய பழைய ஆங்கிலப் பெயர் போய் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் ஆனது. மருத்துவச் செலவை முழுவதும் முதலாளி தர வேண்டும் என்பதும், கோரிக்கையை மூன்று மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும் என்பதும் அப்போது சேர்ந்தவைதான். மூன்று மாதத்தைப் பற்றி நான் வாய் திறக்கப் போவதில்லை.

இனி அந்த ஸ்டாம்ப் பேப்பர். இறந்த தொழிலாளிக்கான இழப்பீட்டை முதலாளி குடும்பத்தின் கையில் நேரே கொடுக்கக் கூடாது. தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம் கட்ட வேண்டும். எல்லோரும் கமிஷனர் என்றே சொல்வோம். அவர்தான் மனைவிக்கு இவ்வளவு, தாய்க்கு இவ்வளவு என்று பிரிப்பார், மைனர் பிள்ளைகளின் பங்கை அவர்கள் பெயரில் போட்டு வைப்பார். நேரே கொடுத்த பணத்தைச் சட்டம் இழப்பீடாகவே பார்க்காது. மூன்று மாதச் சம்பளம் அளவுக்கு முன்பணம் கொடுத்தால் அதை மட்டும் கழித்துக்கொள்ளலாம். 'இனி கேட்க மாட்டேன்' என்று எழுதி வாங்கினாலும் செல்லாது. உரிமையை விட்டுக்கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று தனிப் பிரிவே இருக்கிறது.

இறப்பு இல்லாமல் கை கால் போன விபத்தில் பேசி முடிக்க இடமுண்டு. ஆனால் அந்த ஒப்பந்தத்தைக் கமிஷனரிடம் கொண்டுபோய்ப் பதிய வேண்டும். தொகை குறைவாகப் பட்டாலோ, ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கியதாகத் தெரிந்தாலோ அவர் பதிய மறுப்பார். பதியாவிட்டால் முதலாளி முழுத் தொகையும் கொடுக்க வேண்டும், ஏற்கெனவே கொடுத்ததில் பாதிக்கு மேல் கழிக்க முடியாது. ரகசியமாகப் பேசி முடித்ததற்குச் சட்டம் வைத்த அபராதம் இது. முதலாளிமார்களுக்கு இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். "அவன்தானே கையெழுத்து போட்டான்" என்பார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னேன்.

1998. எட்டுப் பேர் வேலை செய்த ஒரு பிரஸ் பட்டறை. நான்தான் அங்கே கணக்கு. இருபது வயதுப் பையன், பவர் பிரஸ்ஸில் தகடு வைக்கும்போது வலது கையில் இரண்டு விரல் போயிற்று. துண்டில் சுற்றி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். முதலாளி வழியிலேயே எனக்குச் சொல்லிவிட்டார். அவசரப் பிரிவில் டாக்டர் "எப்படி ஆச்சு?" என்று கேட்டபோது, பையன் வாயைத் திறப்பதற்கு முன் நான் சொன்னேன்: "வீட்டுல இரும்புக் கதவு நசுக்கிடுச்சு சார்." டாக்டர் விபத்துப் பதிவேட்டில் அப்படியே எழுதினார். ஏ.ஆர். காப்பி என்று சொல்வோமே, அந்த ஒற்றைத் தாளில் முதலில் எழுதியதுதான் பிறகு எந்தக் கோர்ட்டிலும் பேசும். பையன் என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. ஐயாயிரம் ரூபாயும் ஒரு ஜோடி வேட்டி சட்டையும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினோம்.

அவனுக்கு என்ன வந்திருக்க வேண்டும் என்று அன்றே எனக்குத் தெரியும். நிரந்தர ஊனத்துக்குக் கணக்கு சம்பளத்தில் அறுபது சதவீதம். அவன் சம்பளம் 1,500. அறுபது சதவீதம் 900, இருபது வயதுக் காரணி 224, முழு ஊனமானால் 2,01,600. ஒரு கையில் இரண்டு விரல் போனால் சட்ட அட்டவணைப்படி இருபது சதவீதம். 40,320 ரூபாய். நாங்கள் கொடுத்தது ஐயாயிரம். கோரிக்கை வைக்க இரண்டு வருஷ அவகாசம் உண்டு. அந்த இரண்டு வருஷமும் அவன் வாரத்துக்கு ஒரு முறை பட்டறைக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போனான்.

அட்டவணையைப் பார்த்தால் மனித உடம்பைக் கசாப்புக் கடையில் விலை போட்டது போல இருக்கும். கட்டைவிரல் 30 சதவீதம். ஆள்காட்டி விரல் 14. நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டு விரலோ 7. நாலு விரலும் போனால் 50. மற்றது நன்றாக இருந்து ஒரு கண் போனால் 40. இன்றைய பதினைந்தாயிரம் வரம்பில், முப்பத்தைந்து வயது ஆளுக்குக் கட்டைவிரலின் விலை 5,32,062 ரூபாய். ஆனால் இந்தச் சதவீதமே முடிந்த முடிவு என்று நினைக்க வேண்டாம். ஒரிசாவில், ஜெய்ப்பூர் என்ற ஊரில் (ராஜஸ்தான் ஜெய்ப்பூர் வேறு) ஒரு சினிமா கொட்டகையில் வேலை செய்த தச்சருக்கு இடது கை போயிற்று. அட்டவணைப்படி பார்த்தால் அது பகுதி ஊனம். ஒற்றைக் கையால் இழைப்புளி தள்ள முடியுமா, அவர் தொழிலுக்கு இது நூறு சதவீத இழப்பு என்றார் கமிஷனர். உச்ச நீதிமன்றம் 1975 டிசம்பரில் அதை ஏற்றது. அதே தீர்ப்பில் இன்னொன்றும் சொன்னது: இழப்பீடு கொடுக்கவேண்டிய நாள், கமிஷனர் உத்தரவு போட்ட நாள் ஆகாது. விபத்து நடந்த நாள்தான்.

முதலாளிகள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் வருஷத்துக்கு 12 சதவீதம் தனி வட்டி. தாமதத்துக்குச் சரியான காரணம் சொல்லாவிட்டால், இழப்பீட்டில் பாதி வரை கூடுதல் அபராதம். எங்கள் மருமகள் வழக்கில் வட்டியைக் கணக்குப் போட்டேன். 13,81,275க்கு வருஷம் 1,65,753. மாதத்துக்குச் சுமார் 13,813 ரூபாய். ஐஸ் கம்பெனியில் ராத்திரி முழுக்கக் கண் விழித்து அவன் வாங்கிய சம்பளத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. செத்தவனுக்கு மாதாமாதம் சம்பளம் ஏறிக்கொண்டே இருக்கிறது, முதலாளிக்குத் தெரியவில்லை.

இன்சூரன்ஸ் இருந்தால்? இழப்பீட்டுத் தொகையை இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்கும். அபராதத்தைக் கொடுக்காது, அது முதலாளியின் சொந்தத் தப்பு, அவர் பையிலிருந்து போக வேண்டும் என்று 1997இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வட்டியும் பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. சின்னப் பட்டறைக்காரர்கள் பைக்குக்கு இன்சூரன்ஸ் கட்டுவார்கள், கட்டாவிட்டால் போலீஸ் பிடிக்கும். ஆளுக்குக் கட்ட மாட்டார்கள். எங்கள் ஐஸ்காரரும் அப்படித்தான். கம்ப்ரெசருக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது.

இப்போது ரோடு விஷயம். வேலைக்குப் போகும் வழி, வரும் வழி வேலையில் சேருமா என்பது பல வருஷத் தகராறு. கம்பெனி வண்டியில் போனால் சேரும், சொந்த வண்டியில் போனால் சேராது, வாசல் பக்கம் நடந்தால் சேரும் என்று ஆளுக்கொரு தீர்ப்பு. தொழிலாளர் காப்பீட்டுக்கான இ.எஸ்.ஐ. சட்டத்தில் மட்டும் 2010இல் ஒரு பிரிவு சேர்த்து, போகிற வரும் வழி விபத்தும் வேலை விபத்துதான் என்று சொன்னார்கள். இழப்பீட்டுச் சட்டத்தில் அது இல்லை.

மகாராஷ்டிராவில் சர்க்கரை ஆலை ஒன்றில் காவலாளி. விடிகாலை மூன்று மணிக்கு ஷிப்டு. 2003 ஏப்ரல் 22 அன்று பைக்கில் கிளம்பியவர் ஆலைக்கு ஐந்து கிலோமீட்டர் இருக்கும்போது விபத்தில் இறந்தார். 2009இல் கமிஷனர் இழப்பீடு கொடுக்கச் சொன்னார். 2011இல் பம்பாய் உயர் நீதிமன்றம், ஆலைக்குள் நடக்கவில்லை என்று அதைத் தள்ளிவிட்டது. 2025 ஜூலை 29 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் மனோஜ் மிஸ்ராவும் கே.வி. விஸ்வநாதனும் கமிஷனர் உத்தரவைத் திரும்ப நிலைநாட்டினார்கள். இரண்டும் ஒரே நோக்கத்துக்கு வந்த சட்டங்கள், இ.எஸ்.ஐ.யில் சொன்ன விளக்கம் இதற்கும் பொருந்தும், பழைய விபத்துகளுக்கும் பொருந்தும் என்றார்கள். இருபத்திரண்டு வருஷம்! அந்த வீட்டுப் பிள்ளைகள் வளர்ந்து கல்யாணமே ஆகியிருக்கும்.

அந்தத் தீர்ப்பு வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை, 2025 நவம்பர் 21 அன்று மத்திய அரசு நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் அமலுக்குக் கொண்டுவந்தது. அதில் ஒன்று 2020இல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு. 1923 சட்டம் தன் நூறாவது வயதைத் தாண்டி அதற்குள் ஓர் அத்தியாயமாக அடங்கியது. பேசி முடிப்பதைப் பற்றி மேலே சொன்ன விதிகள் எல்லாம் அதிலும் இருக்கின்றன. கமிஷனர் என்ற பெயர் போய் 'தகுந்த அதிகாரி' ஆகிவிட்டார், நாங்கள் கமிஷனர் என்றே சொல்லிக்கொண்டிருப்போம். இதில் வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் வேலை முடிந்து வீட்டுக்கு வரும் வழியிலும் நடக்கும் விபத்து வேலை விபத்துதான் என்று நேரடியாகவே எழுதிவிட்டார்கள். நிபந்தனை ஒன்று உண்டு. நேரமும் இடமும் சூழ்நிலையும் வேலையோடு சம்பந்தப்பட வேண்டும்.

இந்த நிபந்தனைக்குள்தான் இனிமேல் வக்கீல்கள் வண்டி ஓட்டுவார்கள். ஆறு மணிக்கு வேலை முடிந்து நேரே வந்தவன், ஆறேகாலுக்கு விபத்து என்றால் பிரச்சினை இல்லை. பத்து மணிக்கு, வேறு திசையில் என்றால் கேள்வி வரும். எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்வியின் பெயர் முள்ளோடை. எல்லையில் வரிசையாக ஒயின் ஷாப். எந்த விபத்தானாலும் முதலாளி வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை "குடிச்சிருந்தான்." இதிலும் சட்டம் அவர்கள் நினைப்பது போல இல்லை. போதையால் நேரடியாக நடந்த விபத்தென்று காட்டினால் முதலாளி தப்பிக்கலாம்தான். ஆனால் சாவும் முழு நிரந்தர ஊனமும் அந்த விலக்கில் வராது. தடுப்புக் கவசத்தை வேண்டுமென்றே கழற்றினான், சொன்னதைக் கேட்கவில்லை என்ற சாக்குகளுக்கும் இதே கதிதான்.

இன்னொரு எச்சரிக்கை. அடித்த வண்டி எது என்று தெரிந்து அதன் இன்சூரன்சிடம் மோட்டார் விபத்து வழக்கு போட வழி இருந்தால், அது ஒன்று, அல்லது இது ஒன்று. இரண்டிலும் கேட்க முடியாது. எதில் தொகை அதிகம் என்று வக்கீலை வைத்துக் கணக்குப் போட்ட பிறகே கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் வழக்கில் வண்டியே தெரியாததால் அந்தத் தலைவலி இல்லை.

"கம்பெனி கடலூர்ல இருக்கு, நாம பாண்டி. அங்க போயி அலையணுமா மாமா?" என்று கேட்டாள். வேண்டாம். விபத்து நடந்த இடத்திலும் போடலாம், குடும்பம் குடியிருக்கும் இடத்திலும் போடலாம். அவளுக்கு இரண்டுமே புதுச்சேரிதான், வழுதாவூர் சாலைத் தொழிலாளர் துறைக்குப் போனால் போதும். சிப்காட்டுக்கும் திருப்பூருக்கும் சென்னைக் கட்டட வேலைக்கும் போகிற எங்கள் பிள்ளைகளுக்கு இந்த ஒரு விதி பெரிய உபகாரம்.

இ.எஸ்.ஐ. பற்றியும் சொல்லிவிடுகிறேன், பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், மாதம் 21,000 வரை சம்பளம் வாங்குகிறவர் இ.எஸ்.ஐ.க்குள் வந்துவிடுவார். முதலாளி 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம் கட்டுகிறார்கள். அங்கே விபத்தானால் இழப்பீட்டுச் சட்டத்துக்கு வர முடியாது, இ.எஸ்.ஐ.யே பார்த்துக்கொள்ளும். மொத்தமாகத் தராமல் சம்பளத்தில் தொண்ணூறு சதவீதம் என்ற கணக்கில் மாதாமாதம் வரும். என்னைக் கேட்டால் விதவைக்கு அதுதான் நல்லது. மொத்தப் பணம் வந்த வீட்டுக்கு உறவு நிறைய வரும். ஆபத்தான வேலை என்று அரசு அறிவித்தால் ஒரே ஒரு ஆள் இருந்தாலும் இ.எஸ்.ஐ. உண்டு என்று புதிய தொகுப்பு சொல்கிறது.

கடலுக்குப் போகிறவனுக்கு இதில் எதுவும் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். படகில் பங்குதான், சம்பளம் இல்லை. சம்பளம் இல்லாத இடத்தில் முதலாளி யார்? மத்திய அரசின் மீன்வளத் திட்டத்தில் குழு விபத்துக் காப்பீடு இருக்கிறது, இறந்தால் ஐந்து லட்சம். சுனாமிக்குப் பிறகு பிள்ளைகளைக் கரை வேலைக்கு அனுப்பிய குடும்பங்கள் எங்கள் தெருவில் உண்டு. கடல் வேண்டாம் என்று ஐஸ் கம்பெனிக்குப் போனவன்தான் இவனும்.

மனு எழுத உட்கார்ந்தபோது பழைய பிரச்சினை வந்தது. அவன் அங்கே வேலை செய்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி? வேலை நியமனக் கடிதம் இல்லை. எல்லாத் தொழிலாளிக்கும் அந்தக் கடிதம் கொடுத்தாக வேண்டும் என்று இன்னொரு தொகுப்பு இப்போது சொல்கிறது, ஐஸ் கம்பெனி வரை அது வந்து சேரவில்லை. பேங்கில் சம்பளம் ஏறவில்லை, கையில்தான் கொடுத்தார்கள். விபத்து உரிமை என்னென்ன என்று வேலையில் சேரும்போதே அவனுக்குப் புரியும் மொழியில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று 2017இல் ஒரு பிரிவு வந்தது. கொடுக்காவிட்டால் ஐம்பதாயிரம் முதல் ஒரு லட்சம் வரை அபராதம். அப்படி ஒரு தாளை நான் வேலை பார்த்த எந்த இடத்திலும் கண்ணால் பார்த்ததில்லை. நான்தான் அதை டைப் அடித்திருக்க வேண்டும்.

எப்.ஐ.ஆர்., போஸ்ட்மார்ட்டம் அறிக்கை, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் சேர்ந்தன. வேலைக்கான சாட்சி மட்டும் கூடவேலை செய்தவர்கள் வாயில் இருந்தது. அவர்கள் வாயைத் திறக்கத் தயங்கினார்கள். அவர்கள் சோறும் அங்கேதானே.

சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. படகு போகாவிட்டால் ஐஸ் விற்காது. ஒரு சாயங்காலம் முதலாளியே வந்தார், தெரிந்தவர் ஒருவர் பைக்கில் பின்னால் உட்கார்ந்து. நோட்டீஸ் வரப்போகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சண்டைக்கு வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"அண்ணே, நான் குடுத்ததுக்கு மதிப்பே இல்லன்னு சொன்னீங்களாமே?"

இருந்ததை இருந்தபடி சொன்னேன். மூன்று மாதச் சம்பளம் நாற்பத்தெட்டாயிரம் முன்பணமாகக் கழியும், மீதிக்கு நீங்கள்தான் கமிஷனரிடம் எடுத்துச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்றேன். தோற்று மேல்முறையீடு போவதென்றால் முழுப் பணத்தையும் முதலில் கட்ட வேண்டும் என்றும் சொன்னேன். வட்டி இதற்குள் நாற்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. மனு வருவதற்கு முன்பே நீங்களாகப் போய்க் கட்ட முடிந்ததைக் கட்டி, மீதிக்கு அவகாசம் கேளுங்கள், அபராதத்திலிருந்தாவது தப்பலாம், நகையையும் மீட்க வழி பிறக்கும் என்றேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே விரல் விட்டு மாதங்களை எண்ணினார். தை, மாசி, பங்குனி.

பிறகு இடுப்பிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தார். மூலைகள் ஈரத்தில் ஊறிப் போயிருந்தன. ஐஸ் கட்டி கணக்கு. எந்தப் படகுக்கு எத்தனை கட்டி, எத்தனை மணிக்கு, ஏற்றி விட்டது யார். ராத்திரிப் பக்கங்கள் முழுக்க ஒரே கையெழுத்து. "அவன் வேல செஞ்சான்னு நான் இல்லன்னு சொல்லல. எங்கிட்ட இருக்கிற பேப்பர் இது ஒண்ணுதான். கணக்குல வாங்கிக்குவாங்களா?" என்று கேட்டார்.

தை நாலாம் தேதிப் பக்கத்தைப் புரட்டினேன். கடைசி வரி ஐந்து நாற்பதுக்கு எழுதப்பட்டிருந்தது. பதினெட்டுக் கட்டி. எப்.ஐ.ஆரில் விபத்து நேரம் ஆறு பத்து.

செருப்பை மாட்டிக்கொண்டு அவரையும் கூட்டிக்கொண்டு கிருமாம்பாக்கம் போனேன். ஜெராக்ஸ் கடையை எட்டு மணிக்கு மூடிவிடுவார்கள்.